என்ன ஜாதி நாய்?

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒருவர் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால், வருகிற முதல் கேள்வி ‘என்ன ஜாதி?’ என்பதுதான். லாப்ரடார், அல்சேஷன், ராஜபாளையம் என்று பதில் வந்தால் கேட்டவர் முகம் மலரும். ‘சும்மா தெருவுல கெடந்துச்சுங்க’ என்றால் உடனே தீர்ப்பு: ‘இதை எதுக்கு வளக்குற? எவ்வளவு சோறு போட்டாலும் இதுக்கு அறிவு வராது.’ கொஞ்சம் படித்தவர் என்றால் ‘இது கிராஸுங்க, பிளட் லைன் சரியில்ல, டிரெய்னிங் ஏறாது’ என்பார். செய்திகளில்கூட ‘உயர்சாதி நாய்’ என்று கூசாமல் எழுதுகிறார்கள். எழுதுகிறவருக்கும் உறுத்துவதில்லை, படிக்கிறவருக்கும் உறுத்துவதில்லை.

நமக்கு எதற்கு இந்த நாய்ப் பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். நாம் இந்தப் பேச்சைத் தேடிப் போகவில்லை. அது ஈராயிரம் ஆண்டுகளாக நம்மைத் தேடி வந்துகொண்டிருக்கிறது.

மனுதர்மத்தின் 10ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், நாயும் கழுதையுமே அவர்கள் சொத்து என்கிறது. சண்டாளர் யார் என்பதற்கும் விளக்கம் சொல்கிறது: சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்தவராம். அந்த நூல் கடைசிப் படியில் தள்ளுவதற்குச் சொல்லும் காரணமே கலப்புதான். இன்றைய மொழியில் சொன்னால், ‘கிராஸ்’. பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் இந்த மண்ணின் தெருநாய்க்குப் பெயர் தேடியபோது நம் மக்களின் பெயரை எடுத்து ஒட்டினார்கள்: ‘பறையா டாக்’. நாய் வளர்ப்போர் இன்று ‘இன்டாக்’ என்று மாற்றுப் பெயர் சொன்னாலும் பழைய பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நம் ஊர்ச் சண்டைகளில் சாதிப் பெயரோடு நாயைச் சேர்த்து விழுகிற வசவை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பொது இடத்தில் அப்படித் திட்டுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் நிற்கவில்லை.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடு சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். நாய் குடித்தால் தீட்டாகாத குளம், நம் மக்கள் குடித்ததும் தீட்டாகிவிட்டது என்று கலகம் செய்தார்கள். தாக்கினார்கள்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மனிதரை நாயோடு ஒப்பிட நாம் வரவில்லை. அந்த ஒப்பீட்டைச் செய்தவர்கள் அவர்கள். ‘ரத்தம் சுத்தமாக இருந்தால் அறிவு இருக்கும், கலந்தால் கெட்டுவிடும்’ என்று அதன் அடியில் கிடக்கும் கருத்து இருக்கிறதே, அதை உடைப்பதுதான் நம் வேலை. அதை உடைக்க நாயைவிட நல்ல இடம் இல்லை. ஏனென்றால் நாய்களில் இனங்களை மனிதர்கள் வேண்டுமென்றே உருவாக்கியிருக்கிறார்கள். எது எதோடு சேரவேண்டும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தம் கையில் வைத்துக்கொண்டு உருவாக்கியிருக்கிறார்கள். அப்படி உருவாக்கிய இடத்திலேயே இந்தக் கருத்து நிற்கவில்லை என்றால், மனிதரிடம் அதைப் பேச யாருக்கும் வாய் இருக்கக் கூடாது.

இன்று நாம் பார்க்கும் ‘சுத்த இன’ நாய்களில் பெரும்பாலானவற்றின் வரையறை 19ஆம் நூற்றாண்டில் வந்தது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப், 1884இல் அமெரிக்காவில் இன்னொன்று. இவர்கள் செய்த முக்கியமான காரியம் பதிவேடு. தாயும் தந்தையும் அந்தப் பதிவேட்டில் இருந்தால்தான் குட்டிக்கும் அதில் இடம். வெளியே போய்ச் சேர்ந்தால் குட்டி வெளியே. இதை வேறெங்கோ கேட்டதுபோல இருக்கிறதா? 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதியின் சாரமே அகமணம்தான் என்று அம்பேத்கர் நிறுவினார். நாய்ப் பதிவேடு என்பது அகமணத்தைக் காகிதத்தில் எழுதி முத்திரை குத்தியது.

இந்தப் பதிவேட்டு மூளை நாயோடு நிற்கவும் இல்லை. அமெரிக்க யூஜெனிக்ஸ் சங்கத்தின் செயலாளராக இருந்த லியோன் விட்னி, ‘தகுதியற்ற’ மனிதர்களுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று வாதாடி 1934இல் புத்தகம் போட்டார். அதே மனிதர்தான் நாய் இனவிருத்தி பற்றியும் புத்தகங்கள் எழுதியவர். நாயிடம் கற்றதை மனிதரிடம் செய்து பார்க்கத் துடித்தவர்கள் அவர்கள். ஆனால் சுத்தம் எதைக் கொடுத்தது? புல்டாக்கைப் பாருங்கள். தலை பெருத்து, இடுப்புச் சிறுத்து, பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் குட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. மூக்கு நசுங்கி மூச்சுக்குத் திணறுகிறது. இதற்குத்தான் ‘உயர்சாதி’ என்று பெயர்.

சரி, அறிவுக்கு வருவோம். ‘எந்த நாய்க்கு அறிவு அதிகம்’ என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களுக்கெல்லாம் மூலம், ஸ்டான்லி கோரன் என்ற உளவியலாளர் 1994இல் வெளியிட்ட புத்தகம். அமெரிக்க, கனடா கென்னல் கிளப்புகளின் கீழ்ப்படிதல் போட்டிகளுக்கு நடுவராக இருந்த 199 பேரிடம் கருத்துக் கேட்டு அவர் இனங்களை வரிசைப்படுத்தினார். பார்டர் கோலி முதலிடம், ஆப்கன் ஹவுண்ட் கடைசி இடம். இந்த வரிசையில் கலப்பின நாய் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. எப்படி இருக்கும்? அமெரிக்க கென்னல் கிளப் 2010வரை கலப்பின நாய்களைத் தன் கீழ்ப்படிதல் போட்டிக்குள்ளேயே விடவில்லை. தேர்வு அறைக்குள் விடாமல் கதவைச் சாத்திவிட்டு, ‘மதிப்பெண் பட்டியலில் உன் பெயர் இல்லையே’ என்று கேட்கிறார்கள். இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா என்ன?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பட்டியல் அளப்பது கீழ்ப்படிதலை. எத்தனை முறை சொன்னால் கற்றுக்கொள்கிறது, முதல் கட்டளைக்கே பணிகிறதா என்பதை. தானாகச் சிக்கலை அவிழ்ப்பது வேறு அறிவு என்று கோரனே பிரித்துச் சொல்லியிருக்கிறார். பட்டியலைப் பரப்புகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை. சொன்ன உடனே பணிந்தால் அறிவாளி, யோசித்து நின்றால் முட்டாள். பண்ணையார்கள் நம் தாத்தாக்களை அளந்த அதே கோல்.

இன்னும் பழைய ஆய்வு ஒன்று. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 5 இனங்களைப் பல ஆண்டுகள் ஒரே மாதிரிச் சூழலில் வளர்த்துச் சோதித்து 1965இல் நூலாக வெளியிட்டார்கள். எல்லாச் சோதனையிலும் முந்தி நின்ற இனம் என்று ஒன்று இல்லை. ஒன்றில் முந்திய இனம் மற்றொன்றில் பிந்தியது. குட்டியின் 3ஆம் வாரம் முதல் 12ஆம் வாரம் வரையிலான காலம்தான் மனிதரோடு அது ஒட்டுமா, மிரளுமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும் அவர்கள் கண்டதுதான்.

2022இல் ‘சயின்ஸ்’ இதழில் இன்னும் பெரிய ஆய்வு வந்தது. 18,385 நாய்களைப் பற்றி வளர்ப்போரிடம் கேட்டு, 2,155 நாய்களின் மரபணுத் தொகுதியை வாசித்துச் செய்தது. ஏறக்குறைய பாதி கலப்பின நாய்கள். ஒரு நாயும் இன்னொரு நாயும் நடத்தையில் வேறுபடுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 விழுக்காடு மட்டுமே என்று முடிவு வந்தது. நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனிதர் சொல்லுக்கு இணங்குவது போன்ற சில குணங்களில் இனத்தின் சாயல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. அதற்காகவே காலங்காலமாகப் பொறுக்கி வளர்த்தவை அவை. அப்படி இருந்தும், இனப் பெயரை மட்டும் வைத்து ஒரு தனி நாயின் குணத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது. பதிவேடு போட்டு, ஜோடி சேர்த்து, ஒன்றரை நூற்றாண்டு பாடுபட்டும் கிடைத்தது இவ்வளவுதான்.

நம் நாட்டுத் தெருநாயைப் பற்றியே ஆய்வு இருக்கிறது. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருவில் திரியும் நாய்கள் முன் மூடிய கிண்ணங்கள் இரண்டை வைத்து, முன்பின் தெரியாத ஒருவரை அதில் ஒன்றைக் கையால் சுட்டிக்காட்டச் சொன்னது. இந்த நாய்களுக்கு எவரும் பயிற்சி கொடுத்ததில்லை. கிண்ணத்தை நெருங்கிய நாய்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு, கை காட்டிய கிண்ணத்துக்கே போயின. மனிதர் கையசைவின் பொருளை அவை தாமாகவே படித்து வைத்திருக்கின்றன. 2020இல் வெளியான இந்த ஆய்வில் சுமார் பாதி நாய்கள் நெருங்கவே இல்லை என்பதும் இருக்கிறது. அவற்றிடம் பதற்றமும் அச்சமும் தெரிந்தன. நெருங்காத அந்த நாய்கள் முட்டாள்களா? மனிதர் கையிலிருந்து இதற்குமுன் என்ன பறந்து வந்திருக்கும் என்று சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை.

பயிற்சி ஏறாது என்கிறார்களே, அதற்கும் பதில் இருக்கிறது. மேற்கு வங்கக் காவல்துறை ஆஷா என்ற தெருநாயைப் பயிற்றுவித்து மோப்பப் பணிக்கு வைத்தது. உத்தரகாண்ட் காவல்துறை 2019இல் தெங்கா என்ற தெருநாயைத் தன் நாய்ப் படையில் சேர்த்தது. 1957 நவம்பர் 3 அன்று பூமியைச் சுற்றிய லைகா, மாஸ்கோ தெருவில் பிடிபட்ட கலப்பின நாய். 1960 ஆகஸ்டில் விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பிய பெல்காவும் ஸ்ட்ரெல்காவும் தெருவில் பிடிக்கப்பட்டவைதாம். பசியும் குளிரும் தாங்கிப் பழகியவை என்பதால் சோவியத் விஞ்ஞானிகள் தெருநாய்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இடுக்கான கூண்டில் பல நாள் அசையாமல் இருக்கவும், அதிர்வையும் சுழற்சியையும் தாங்கவும் அவை பயின்றன. லைகா திரும்பி வர வழியே இல்லை என்று தெரிந்துதான் அனுப்பினார்கள். சாகிற வேலைக்கு அனுப்பும்போது மட்டும் எவரும் பிளட் லைன் கேட்பதில்லை. இதை நம் மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளக் காட்டில் ராத்திரி பன்றிக் காவலுக்குப் போகிறவரோடு போவது எது? சின்ன வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்தில் படுத்திருப்பது எது? ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கும் பெண்களுக்கு முன்னால் ஓடிப் பாம்பைப் பார்த்துக் குரைப்பது எது? கிடை ஆடு கலையாமல் ஓரம் கட்டுவது எது? அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓயாத சாலையை நேரம் பார்த்துக் கடந்து திரும்புவது எது? பதிவேட்டில் இல்லாத, பெயர்கூட இல்லாத, மணியோ கருப்பனோ என்று போகிற போக்கில் கூப்பிடப்படுகிற அந்த நாய்தான். எவரும் சம்பளம் கொடுத்துப் பயிற்சியாளர் வைக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அதே நாய்க்குட்டி கற்க வேண்டிய அந்த 3 முதல் 12 வாரங்களில் நம் தெருவில் அதற்குக் கிடைப்பது என்ன? கல், வெந்நீர், வண்டிச் சக்கரம். காசு கொடுத்து வாங்கிய லாப்ரடார் குட்டிக்கு அதே வாரங்களில் பாலும் தடுப்பூசியும் மடியும் கிடைக்கின்றன. ஆறு மாதம் கழித்து இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி, ‘பார், ஜாதி நாய் ஜாதி நாய்தான்’ என்கிறார்கள். கொடுக்காததை எல்லாம் மறைத்துவிட்டு, விளைவை ரத்தத்தின் மேல் எழுதுகிறார்கள்.

இந்த மோசடி மனிதரிடம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆதிக்க சாதிச் சிறுவர் 321 பேரையும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர் 321 பேரையும் வைத்துச் சிக்குப்பாதைப் புதிர்களை அவிழ்க்கச் சொன்னார்கள். சாதியை வெளியே சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறையச் சமம். எல்லோர் முன்னிலும் பெயரோடு சாதியையும் வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் அவிழ்த்த புதிர்கள் சட்டென்று குறைந்தன. அதே சிறுவர்கள்தான், அதே வகைப் புதிர்தான். கூடுதலாக வந்தது சாதிப் பெயர் மட்டும். நாய்களிலாவது பொறுக்கி வளர்த்த இனம் என்று ஒன்று உண்டு. சாதிக்கு அதுவும் கிடையாது. சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே இன வழி வந்தவர்கள் என்று ‘சாதி ஒழிப்பு’ உரையில் 1936லேயே அம்பேத்கர் எழுதிவிட்டார்.

அரியலூர் மாவட்டம் குழுமூரில் பிறந்த நம் தங்கை அனிதா, சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200க்கு 1176. அவர் படித்த பாடத்தை விட்டுவிட்டு, அவருக்குக் கிடைக்காத கோச்சிங்கை அளக்கிற ஒரு தேர்வை வைத்து, தகுதி இல்லை என்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடினார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். நாய்க்கடைப் பேச்சோடு அவர் பெயரைச் சேர்க்க நமக்கு மனமில்லை. ஆனாலும் சொல்கிறோம். ‘பிறப்பிலேயே அறிவு’ என்கிற நம்பிக்கை டீக்கடையில் வேடிக்கையாகத்தான் தொடங்குகிறது. அது போய்ச் சேரும் இடம் கல்லூரி வாசல். நம் மாணவர்கள் அந்த வாசலில் நிற்கிறார்கள்.

சுத்தத்தைப் பேசுகிறவர்களுக்கு உண்மையில் அறிவைப் பற்றிக் கவலை இல்லை. அவர்கள் கவலை எது எதோடு சேர்கிறது என்பது. தென் மாவட்டங்களில் தீண்டாமைக் கொடுமைகளைக் கணக்கெடுத்த இயக்கங்கள் பதிவு செய்தவற்றில் ஒன்று, சில ஊர்களில் சேரி மக்கள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற தடை. சேரி ஆண் நாய் ஊர்ப் பெண் நாயோடு சேர்ந்துவிடுமாம். சிரிப்பு வருகிறதா? இதே பயம்தான் ‘நாடகக் காதல்’ என்று மேடை ஏறிப் பேசுகிறது. இதே பயம்தான் 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றது.

இப்போது புதிதாக ஒரு பெருமை கிளம்பியிருக்கிறது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு ‘நம்ம நாட்டு நாய்’ என்று ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை வைத்துப் பெருமை பேசுகிறார்கள். 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலியில் பேசினார். ராஜபாளையத்துக்கு 2005லேயே தபால் தலை வந்துவிட்டது. இந்த நாய்களோடு நமக்குப் பகை இல்லை. வெளிநாட்டு இனத்துக்குப் பதில் உள்நாட்டு இனம் என்பது முதலாளியை மாற்றுவதுதான். பதிவேடு அப்படியே இருக்கிறது. பெயரில்லாத நாய் இன்னும் வாசலுக்கு வெளியேதான். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ படத்தை நினைத்துப் பாருங்கள். கருப்பி வேட்டைக்குப் பேர்போன சிப்பிப்பாறை நாய்தானே? அந்தச் ‘சுத்த ரத்தம்’ அவளைக் காப்பாற்றியதா? யார் கையில் இருக்கிறாள் என்பதைப் பார்த்துத்தான் தண்டவாளத்தில் கட்டினார்கள்.

‘தெருநாய் கடிக்கிறதே, குழந்தைகள் சாகிறார்களே’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வெறிநாய்க்கடியில் சாவது பெரும்பாலும் ஏழைகளின் பிள்ளைகள், நம் பிள்ளைகள். ஆனால் அது நாயின் அறிவுக் குறைவால் வருவதல்ல. குப்பையை நம் குடியிருப்புக்குப் பக்கத்தில் கொட்டுவதால், கருத்தடையும் தடுப்பூசியும் போட வேண்டிய உள்ளாட்சி அமைப்பு போடாததால் வருவது. 2023 விதிகள் அந்தப் பொறுப்பைத் தெளிவாக உள்ளாட்சியிடம் கொடுத்திருக்கின்றன. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்கள். ஊசி இருப்பில் இல்லை என்றால் சும்மா திரும்பாதீர்கள். எழுதிக் கேளுங்கள்.

தோழர்களே, படிப்பு வட்டங்களில் இதைப் பேசுங்கள். ‘உயர்சாதி நாய்’ என்று எழுதும் பத்திரிகைக்குக் கடிதம் போடுங்கள். ‘பறையா டாக்’ என்ற சொல்லை எந்த ஆசிரியர் வகுப்பில் சொன்னாலும் எழுந்து நின்று கேள்வி கேளுங்கள். வகுப்பில் நன்றாகப் படிக்கிற நம் பிள்ளையைப் பார்த்து ‘உங்க ஆளுங்கள்ல இப்படி ஒருத்தனா!’ என்று வியப்பவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். அவர் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் பதிவேட்டைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறார். நாய் வளர்க்க ஆசை இருந்தால் தெருவில் கிடக்கும் குட்டியை எடுங்கள். 12 வாரம் கடப்பதற்குள் தடுப்பூசி போட்டு, அடிக்காமல், ஒவ்வொரு சொல்லுக்கும் கையில் ஒரு துண்டுத் தின்பண்டம் வைத்துப் பழக்குங்கள். உட்காரும், வரும், காவல் காக்கும்.

யாராவது ‘என்ன ஜாதி நாய்?’ என்று கேட்பார்கள். பெயரைச் சொல்லுங்கள். ஜாதியைத்தான் கேட்கிறேன் என்றால், அந்தக் கேள்வியை மனிதரிடம் எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.